எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு?

"பதினாலு நிமிஷமா? நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸைப் பின்னால எடுத்துத் திருப்பவே அவ்வளவு நேரம் ஆகும்டா" என்றார் அப்பா.

நான் போனில் காட்டியது விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும் ஒரு இணையதளம். திருச்சி என்று போட்டு, யாழ்ப்பாணம் என்று போட்டால், 184 கி.மீ., பறக்கும் நேரம் 14 நிமிடம் என்றது. இன்னொரு தளத்தில் தேடினேன். அங்கேயும் தூரம் அதேதான். நேரம் மட்டும் 44 நிமிடம். டிக்கெட்டைத் திறந்து பார்த்தால் அதில் ஒரு மணி நேரம் என்று இருந்தது. ஒரே பயணத்துக்கு மூன்று பதில்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அவர் துடைக்க ஆரம்பித்தால் ஒரு கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். "நேரத்தை விடு. இந்த 184ங்கிறது எந்தக் கல்லுலேர்ந்து எந்தக் கல்லுக்கு?"

முப்பத்தைந்து வருடம் சர்வேயர் வேலை பார்த்தவர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாராவது "நம்ம நெலம் ரோட்டுலேர்ந்து நூறு அடிங்க" என்று சொன்னால், "ரோட்டோட எந்த ஓரத்துலேர்ந்து?" என்று கேட்டு அவர்களை ஒரு வழி பண்ணாமல் விட மாட்டார்.

விஷயம் இதுதான். கனடாவில் இருக்கும் என் தம்பிக்கு யாழ்ப்பாணத்துப் பெண். அங்கேயே பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் பேசி, நிச்சயதார்த்தத்தைச் சுன்னாகத்தில் பெண் வீட்டில் வைத்துக்கொள்வதாக முடிவானது. ஆடி பிறந்துவிட்டால் இரு பக்கமும் நல்ல காரியம் பேச மாட்டார்கள் என்பதால் ஆனிக் கடைசியில் அவசரமாக நாள் குறித்தார்கள். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் இருக்கிறது. அம்மா வருவதாகச் சொன்னாள். அப்பா மாட்டேன் என்றார். பாஸ்போர்ட் இல்லை என்பது வெளியில் சொன்ன காரணம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் என்றால் வந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாகை–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், நாலு மணி நேரம். "அதுல ஒரு நியாயம் இருக்கு. தண்ணியில போறோம்னு தெரியும்" என்பார். ஆனால் நாள் ஒத்துவரவில்லை. அதனால் விமானம்தான். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ 2025 மார்ச் 30 அன்று நேரடி சேவை தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் என்றால் சென்னைக்குப் போய் ஏற வேண்டும், அல்லது திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்து அங்கிருந்து வடக்கே 400 கி.மீ. தரைவழி.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கேட்டபோது எரிச்சலாக இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு தேடிப் பார்த்தபோதுதான் அது சரியான கேள்வி என்று புரிந்தது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. ஓடுதளத்தின் நடுவாக்கில் ஓரிடத்தைத் தேர்ந்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்து, அதையே அந்த நிலையத்தின் இருப்பிடமாக வைத்துக்கொள்கிறார்கள். கட்டடத்துக்கோ டிக்கெட் கவுன்டருக்கோ அந்தக் கணக்கில் இடமில்லை. இந்தத் தளங்கள் எல்லாம் அந்த இரண்டு புள்ளிகளை எடுத்து, பூமியின் உருண்டை மேல் இழுத்துக் கட்டிய நூல் மாதிரி, மிகக் குறுகிய வளைகோட்டை அளந்து சொல்கின்றன. அவ்வளவுதான். நடுவில் மலை இருக்கிறதா, ராணுவம் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நேரக் கணக்கு அதைவிடச் சுலபம். 184ஐ ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கி.மீ.ஆல் வகுத்தால் 14 நிமிடம். அதோடு ஏற இறங்க என்று கண்ணை மூடிக்கொண்டு அரை மணி சேர்த்தால் 44. ஆனால் யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு ஜெட் போவதில்லை. அங்கே ஓடுதளம் குட்டை. போவது இரண்டு காற்றாடி வைத்த ஏடிஆர் 72. அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான். ஆக, முதல் தளம் சொன்னது இல்லாத விமானம் போகாத வேகத்தில் போனால் ஆகும் நேரம்.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப கல்லு இருக்கு" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. உடனே பேப்பர் எடுத்து, ஒரு சங்கிலி 66 அடி என்று கணக்குப் போட்டு, "9,150 சங்கிலி கிட்ட வருது. ரெண்டு ஆள வச்சு இழுத்தா நம்ம சர்வீஸ்ல முடியாது" என்றார்.

அவர் கல் என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது, எங்கள் மாவட்டத்துக் கதை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய சர்வேயர் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். இன்று சென்னை விமான நிலையம் இருக்கும் வட்டாரம்தான் அது. முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு தெற்கே வந்தவருக்குத் தஞ்சாவூர் வந்ததும் சிக்கல். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை தெரிய வேண்டுமென்றால் உயரம் வேண்டும். எங்கள் பக்கம் உயரம் என்றால் வைக்கோல் போர்தான். கோபுரங்களை விட்டால் வேறு வழியில்லை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல், கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு விட்டது. கருவி போய்ச் சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார்.

அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கடைசியில் "கோயிலுக்கு ஒண்ணும் ஆவல" என்று முடிப்பார். ஒரு சிலை சேதமானதாகப் படித்திருக்கிறேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

இந்தக் கிறுக்கு எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் வீட்டின் புள்ளியை எடுத்துக் கணக்குப் போட்டேன். வீட்டிலிருந்து பலாலி நேர்கோட்டில் சுமார் 108 கி.மீ. வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையம் சாலை வழியே 110க்கும் கொஞ்சம் மேல். திருச்சியையும் பலாலியையும் கோடு போட்டு இணைத்தால், அந்தக் கோடு பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் புகுந்து, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. அதாவது எங்கள் வீட்டுத் தென்னந்தோப்புக்கு மேலே. யாழ்ப்பாணம் போவதற்கு நாங்கள் முதலில் யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து யாழ்ப்பாணம் இருப்பதைவிட அதிக தூரம் போய், அங்கே ஏறி, மறுபடி எங்கள் வீட்டுக்கு மேலேயே வரவேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அப்ப நம்ம வூட்டுக்கிட்ட கொஞ்சம் நிறுத்தி ஏத்திக்கச் சொல்லேன்."

திருச்சி போக எங்கள் ஊரில் இரண்டு வழி, இரண்டு கட்சி. ஒரத்தநாடு, தஞ்சாவூர் வழியாகப் போகலாம். அல்லது புதுக்கோட்டை வழியாகப் போகலாம். விமான நிலையம் திருச்சி–புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் புதுக்கோட்டை வழிதான் புத்திசாலித்தனம் என்பது ஒரு கட்சி. நகருக்குள் நுழையவே வேண்டாம். தஞ்சாவூர் தாண்டினால் நாலுவழிச் சாலை, கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பது எதிர்க்கட்சி. தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். டீக்கடையில் இதைக் கிளப்பிவிட்டால் தேர்தல் நேரத்தில்கூட அப்படி ஒரு சத்தம் வராது. எங்கள் டிரைவர் தஞ்சாவூர்க் கட்சி. "புதுக்கோட்டை ரோட்டுல ஆடு மாடு குறுக்க வரும்ணே. அதுங்களுக்கு பிளைட் டயம்லாம் தெரியாது" என்றான்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். விமானம் மதியம். வெளிநாடு என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் இருக்கச் சொல்கிறார்கள். ஒரத்தநாட்டைத் தாண்டும்போது அம்மா ஜன்னலைப் பார்த்து, "தண்ணி வந்துட்டு" என்றாள். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் ஓடியது. எங்கள் பக்கத்தில் அதற்குப் புதாறு என்று பெயர். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் வந்த கால்வாய். எண்பது தொண்ணூறு வருடம் ஆனாலும் எங்களுக்கு அது இன்னும் புதுசுதான்.

தூரம் வேறு, நேரம் வேறு என்பதை டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாள். கல்லணையிலிருந்து புதாறு ஏறத்தாழ 150 கி.மீ. நீளம். இந்தத் தூரத்தைத் தண்ணீர் எத்தனை நாளில் கடக்கும் என்று கேட்டால் பதில் ஒரு எண்ணாக வராது. "மொறை வச்சா ஒரு கணக்கு, வைக்கலன்னா ஒரு கணக்கு" என்று வரும். நடுவில் எத்தனை மதகு, எந்த மதகில் யார் ஆள், வாய்க்கால் தூர் வாரியதா, மேல்மடைக்காரன் நாற்று விட்டுவிட்டானா. கடைமடையில் நிற்பவனுக்குத் தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் வராது.

தஞ்சாவூரில் அம்மா காபி குடித்தாள். அப்போது ஒரு போர் விமானம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. தஞ்சாவூரிலும் விமான தளம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். இப்போது விமானப்படை வசம். 2020 ஜனவரியில் சுகோய் 30 விமானங்களின் படைப்பிரிவு ஒன்று அங்கே வந்தது. பயணிகள் விமானம் வரப்போகிறது, வரப்போகிறது என்று நான் கல்லூரி படித்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து அறுபது கி.மீ. தூரத்தில் ஒரு ஓடுதளம்; அதன் வாசலில் காபி குடித்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் மேற்கே போய்தான் விமானம் ஏற வேண்டும். டிரைவர் தம்பிக்கு இதில் வருத்தமில்லை. "அது இங்க வந்துட்டா நம்ம டிரிப்பு பாதியாயிடும்ணே."

துவாக்குடி தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று குறைவு. இதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. முக்கால் மணி நேரம் போயிற்று. மூன்றே கால் மணி நேரத்தில் 110 கி.மீ. எந்த இணையதளமும் சொல்லாத கணக்கு இது.

திருச்சியின் புது முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூனில் புழக்கத்துக்கு வந்தது. ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணத்தில் சுவர் முழுக்கச் சித்திரம். அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோயிலாட்டம் கட்டிட்டு செருப்பு போட்டுக்கிட்டுப் போவச் சொல்றாங்க" என்றாள். எங்களைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா போகிறவர்கள். இந்த விமான நிலையத்தை வளர்த்தது அவர்கள்தான். டெல்டாவில் பாதி வீட்டின் மாடி அந்தப் பெட்டிகளில் வந்தது. கயிறு கட்டிய பெட்டியும், கலங்கிய கண்ணும், வீடியோ காலில் குழந்தையுமாக நிற்கிற அந்த வரிசைகளுக்குப் பக்கத்தில் எங்கள் வரிசை சின்னது. வாழைப்பழத் தாரைக் கையில் எடுத்துவந்து அனுமதிக்காக மல்லுக்கட்டிய ஒரு பெரியவர், ஜெபமாலையோடு இரண்டு கன்னியாஸ்திரிகள், வெளிநாட்டிலிருந்து வந்து கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டுத் திரும்பும் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று.

குடிநுழைவு அதிகாரி அம்மாவிடம், "எத்தனை நாள் தங்கப் போறீங்க?" என்றார். "அவங்க விடுற வரைக்கும்" என்றாள் அம்மா. நான் நடுவில் புகுந்து நாலு நாள் என்று சொன்னேன்.

ஏடிஆரில் பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். சின்னப் படி. "டவுன் பஸ் மாதிரியே இருக்கு" என்றாள். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பில்லை. இந்த விமானத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். இடப்பக்க ஜன்னலை அம்மாவுக்கு எடுத்திருந்தேன். தென்கிழக்கே போகும்போது டெல்டா இடப்பக்கம் இருக்கும் என்று கோட்டை வைத்துக் கணக்குப் போட்டது.

நான் போனில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை. கதவு மூடியதிலிருந்து விமானம் தரையை விட்டது வரை 11 நிமிடம். ஊர்ந்து ஊர்ந்து ஓடுதளத்தின் கிழக்கு முனைக்குப் போய், மேற்கே பார்த்துத் திரும்பி நின்றது.

அம்மா கேட்டாள்: "நாம கெழக்கதானே போவணும்?"

ஆமாம். ஆனால் விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும். எதிர்க்காற்று இறக்கைக்கு அடியில் தூக்கிவிடும், குறைந்த ஓட்டத்தில் தரையை விட்டுவிடலாம். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காகப் போட்டது. ஆனி ஆடியில் எங்கள் பக்கம் மேலைக்காற்று. மீன்பிடிக்கிறவர்கள் அதைக் கச்சான் என்பார்கள், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே பெயர். அம்மியைத் தூக்கும் என்று சொல்கிற காற்று, எழுபது பேர் உட்கார்ந்த வண்டியையும் தூக்கத்தான் செய்யும். அதனால் யாழ்ப்பாணம் போகிற விமானம் முதலில் கரூர்ப் பக்கம் பார்த்து ஓடி, ஏறி, பிறகு ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்பியது. இந்த வட்டமும் அந்த 184இல் இல்லை.

திரும்பும்போது இறக்கை சாய்ந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். முதலில் புதுக்கோட்டைச் சீமையின் செம்மண்ணும், காய்ந்த ஏரிகளும், தைல மரக்காடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை. பிறகு தென்னை. மேலிருந்து பார்த்தால் தென்னந்தோப்பு விரித்துப் போட்ட கோரைப்பாய் மாதிரி இருக்கிறது, நடுநடுவே ஓட்டை. அந்த ஓட்டைகள் எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர்களைத் தாண்டிப் போன பிறகு, விழுந்த மரங்களை அறுத்து வெளியேற்றவே பல மாதம் ஆனது. எங்கள் தோப்பில் நூற்று நாற்பதில் மிஞ்சியது முப்பத்தொன்று. மறுபடி வைத்தவை இப்போதுதான் பாளை விடுகின்றன. கீழே நின்று பார்க்கும்போது வளர்ந்த மரமாகத் தெரிகிறவை மேலிருந்து நிறத்திலேயே வேறாக இருக்கின்றன, இளம்பச்சை.

"நம்மூரு எதுடா?"

"இங்கதாம்மா எங்கயோ."

"எங்கயோன்னா? சர்வேயர் புள்ள பேசுற பேச்சா இது?"

ஒரு வாய்க்கால் பளிச்சென்று மின்னியது. அது எங்கள் புதாற்றுக் கிளையாக இருக்கலாம். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அப்பா களத்தில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. தரையை விட்டு 19 நிமிடம் ஆகியிருந்தது.

உப்பளக் கட்டங்கள் வந்தன. இடப்பக்கம் தூரத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கரும்பச்சையாக, கடல் எது காடு எது என்று தெரியாமல். பிறகு கரை முடிந்தது. மொத்தக் கோட்டில் ஏறத்தாழ பாதி நிலம், பாதி கடல். கடல் பகுதி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம்தான் இருந்தது போலிருந்தது. விமானம் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிட்டது. நடுவில் மட்டமாகப் பறந்ததே கொஞ்சம்தான். குறுகிய தூரப் பயணங்களில் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவது ஏன் பொய்யாகிறது என்பது அங்கே தெரிந்தது. முழு வேகத்துக்கு வருவதற்குள் வேகத்தைக் குறைக்கும் வேலை வந்துவிடுகிறது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இலங்கை வானொலிதான். காலையில் பொங்கும் பூம்புனல் பாடினால்தான் பல் தேய்ப்போம். சென்னை வானொலியைவிடக் கொழும்பு துல்லியமாக எடுக்கும். அது கடல் தாண்டி வருகிறது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் குரல் பட்டுக்கோட்டை மணிக்கூண்டுப் பக்கம் எங்கோ இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் போர் வந்தது. கடலில் படகு போக முடியாத காலம் வந்தது. நூறு கி.மீ. தள்ளியிருந்த ஊர் அமெரிக்காவைவிடத் தூரமாகிப் போனது. என் கூடப் படித்தவர்களில் அமெரிக்கா போனவர்கள் இருபது பேர் இருப்பார்கள். யாழ்ப்பாணம் போனவன் நான்தான் முதல்.

சக்கரம் பலாலியில் தரையைத் தொட்டபோது பார்த்தேன். தரையை விட்டதிலிருந்து 38 நிமிடம். கதவு மூடியதிலிருந்து கதவு திறந்தது வரை 55. டிக்கெட்டில் போட்டிருந்த ஒரு மணி நேரம் நியாயமானதுதான். அது கதவிலிருந்து கதவுக்கு. அதுதான் டிக்கெட்டின் கல்.

கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை. இப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்து, 2006 ஏப்ரலில் மறுபடி நம் நேரத்துக்கே வந்தது. அந்தப் பத்து வருடத்தில் இந்த விமானம் ஓடியிருந்தால், திருச்சிக்குத் திரும்பி வருகிறவர் கிளம்பிய நேரத்தை ஒட்டியே வந்து இறங்கியிருப்பார். அப்போது ஓடவில்லை என்பதுதான் விஷயம்.

பலாலி நிலையம் சின்னது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் மாற்றித் திறந்தார்கள். திருச்சியின் பளபளப்புக்குப் பிறகு இதைப் பார்த்ததும் அம்மாவுக்கு நிம்மதி. "இது நம்ம ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. தெரிஞ்ச எடமா இருக்கு." வெளியே சிவந்த மண், பனை, வேலி. சம்பந்தியம்மா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தார்.

"வாங்கோ, வாங்கோ. களைச்சுப் போயிட்டீங்களோ? எத்தினை மணித்தியாலம் எடுத்தது?"

அம்மா யோசித்தாள். "பிளைட்டுல ஏறி ஒக்காந்ததுதான் தெரியும் அண்ணி. ஆனா காலையில ஏழரைக்குக் கிளம்புனோம்."

சுன்னாகம் அங்கிருந்து பத்து கி.மீ. போல. வண்டியில் போகும்போது பெண்ணின் அப்பா வேலிக்கு அப்பால் ஒரு பக்கம் கையைக் காட்டினார். "அதிலதான் எங்கட காணி. இந்த வேலியில இருந்து ரெண்டு கட்டை." கட்டை என்றால் அவர்களுக்கு மைல். "தொண்ணூறில வெளிக்கிட்டனாங்கள். ஒரு கிழமையில திரும்பலாம் எண்டு சொல்லித்தான். பிறகு பதினைஞ்சிலதான் போய்ப் பார்க்க விட்டவை."

பலாலியைச் சுற்றிப் பல கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், சனம் இடம்பெயர்ந்து, 2015 வாக்கில்தான் அந்த நிலங்களில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது என்று செய்தியாகப் படித்திருக்கிறேன். ஆனால் ரெண்டு கட்டை, இருபத்தைந்து வருடம் என்று ஒரு மனிதர் வண்டி ஓட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னபோது, காலையில் நான் பஞ்சருக்குப் புலம்பியது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "கிணறு இருந்துச்சாங்க?" என்று கேட்டாள். "கிணறு இருந்தது. வீடு இல்லை" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கிணற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். எத்தனை முழம், சுண்ணாம்புக்கல்லா, கோடையில் எவ்வளவு இறங்கும்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. அதை எழுதினால் வேறு கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும்: எங்கள் பக்கத்துத் தாம்பூலத்தில் அம்மா வீட்டுத் தேங்காய் வைத்திருந்தாள். சம்பந்தியம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "இதையும் பிளேனிலயா கொண்டு வந்தனீங்கள்?" என்று சிரித்தார். அவர்கள் வீட்டுக் கொல்லையில் பதினெட்டுத் தென்னை நின்றன.

திரும்பி வந்து அப்பாவிடம் அறிக்கை கொடுத்தேன். 55, 38, 19 எல்லாம் சொன்னேன். அவர் தன் பழைய அளவைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அது அவருக்கு ஒரு வேலையாகிப் போனது. மதியம் சத்தம் கேட்டால் களத்துக்கு வந்து நிற்பார். பக்கத்து வீட்டுப் பையனின் போனில் விமானங்களைக் காட்டும் செயலியைப் போடச் சொல்லி, தரையை விட்ட நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். தஞ்சாவூர் போர் விமானம் வந்தால் அம்மாவே உள்ளிருந்து சொல்லிவிடுவாள்: "அது இல்ல. அது கத்தும். நம்மளது இருமும்."

கார்த்திகைத் தீபத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா புத்தகத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நாலு மாதக் கணக்கு. ஆனி, ஆடியில் திருச்சியில் தரையை விட்டு நம் வீட்டுக்கு மேல் வர 19, 20, 19. ஐப்பசிக்குப் பிறகு 15, 14, 15.

"அஞ்சு நிமிஷம் எங்க போச்சு? தூரம் கொறைஞ்சிட்டா?"

காற்று மாறிவிட்டது, இப்போது வாடை, கிழக்கே பார்த்து ஏறுகிறான், வட்டம் போட வேண்டியதில்லை என்று விளக்கினேன். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து அந்தப் பத்திக்கு மேலே 'வாடை' என்று எழுதினார். பழைய பத்திக்கு மேலே 'கச்சான்' என்று எழுதினார்.

"சரி. நம்ம வூட்டுக்கு மேலன்னு எழுதியிருக்கேனே, எதுக்கு மேல? களத்துக்கா, தோப்புக்கா?"

"நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்க ஆரம்பித்தார். உள்ளே அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.